கடன் கொடுக்க ஆள் ரெடி... பில் கட்டப்போவது யார்? உலக சுகாதாரத்தில் 'இம்பாக்ட் இன்வெஸ்டிங்' கணக்கு

2025 ஜூலை 1. அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் அதிகாரப்பூர்வமாக இழுத்து மூடப்பட்ட நாள். 1961-ல் ஜான் கென்னடி தொடங்கிய அமைப்பு அது. ஆப்பிரிக்க கிராமத்தில் எச்.ஐ.வி மாத்திரை, கொசுவலை, காசநோய்ப் பரிசோதனை என்று பல நாடுகளின் சுகாதாரத் துறைகள் சாய்ந்து நின்ற தூண்களில் பெரிய தூண்.

அதே வாரம் 'தி லான்செட்' மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. இந்த வெட்டு அப்படியே தொடர்ந்தால் 2030-க்குள் கூடுதலாக 1.4 கோடி பேர் வரை உயிரிழக்கக்கூடும் என்றது அந்தக் கணிப்பு. அதில் சுமார் 45 லட்சம் பேர் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். அமெரிக்கா மட்டுமல்ல. பிரிட்டனும் தன் வெளிநாட்டு உதவியை தேசிய வருமானத்தில் 0.5 சதவிகிதத்திலிருந்து 2027-க்குள் 0.3 சதவிகிதமாகக் குறைப்பதாக 2025 பிப்ரவரியில் அறிவித்துவிட்டது.

அரசுகள் கையை எடுக்கும் இந்த நேரத்தில், மாநாட்டு மேடைகளில் ஒரு வார்த்தை அதிகம் காதில் விழுகிறது. 'இம்பாக்ட் இன்வெஸ்டிங்'. "உதவிப் பணம் போனால் போகட்டும், தனியார் முதலீடு வரும். அதுவும் நல்ல நோக்கத்தோடு வரும்" என்பதுதான் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், கடந்த 20 ஆண்டுகளில் இந்தப் பணம் எங்கே போனது, எங்கே வேலை செய்தது, எங்கே சொதப்பியது என்று பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது.

அது என்ன இம்பாக்ட் இன்வெஸ்டிங்?

ஒரு தொண்டு நிறுவனத்துக்கு 1,000 ரூபாய் கொடுத்தால் அது திரும்பி வராது. ஒரு கம்பெனியின் பங்கில் 1,000 ரூபாய் போட்டால் லாபம் வரலாம். அந்த கம்பெனியால் ஊருக்கு என்ன நன்மை என்று யாரும் கேட்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் இம்பாக்ட் இன்வெஸ்டிங். போட்ட பணம் திரும்ப வேண்டும். கொஞ்சமாவது லாபமும் வேண்டும். கூடவே, சமூகத்துக்கு நடந்த நன்மையை அளந்து காட்டவும் வேண்டும்.

'சிகரெட் கம்பெனியில் பணம் போட மாட்டோம்' என்று சொல்லும் ஃபண்டுகள் இருக்கின்றன. அது கெட்டதைத் தவிர்ப்பது. இங்கே ஒரு படி மேலே போய், 'எங்கள் பணத்தால் இத்தனை பேருக்கு பிரசவம் பத்திரமாக நடந்தது' என்று எண்ணிச் சொல்ல வேண்டும்.

இந்தப் பெயர் 2007-ல் இத்தாலியின் பெல்லாஜியோ நகரில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை கூட்டிய ஒரு சந்திப்பில் பிறந்தது. இன்று அது எவ்வளவு பெரிய சந்தை? உலக இம்பாக்ட் முதலீட்டு கூட்டமைப்பான ஜிஐஐஎன் 2024-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 3,900-க்கும் அதிகமான அமைப்புகள் 1.57 லட்சம் கோடி டாலரை இந்த வழியில் நிர்வகிக்கின்றன. சுகாதாரம் அதில் ஒரு துண்டுதான். ஆனால், 'உயிர் காக்கும் முதலீடு' என்று விளம்பரத்தில் முதலில் காட்டப்படுவது அந்தத் துண்டுதான்.

காலராவுக்கு எதிராக ஒரு சின்ன கம்பெனி

இந்த முறை ஜெயித்த இடத்திலிருந்தே ஆரம்பிக்கலாம்.

காலரா பணக்கார நாடுகளில் கிட்டத்தட்ட இல்லை. குடிநீர்க் குழாயும் சாக்கடையும் சரியாக இல்லாத ஊரில்தான் அது பரவும். அதாவது, தடுப்பு மருந்து யாருக்குத் தேவையோ அவர்களிடம் வாங்கக் காசு இல்லை. பெரிய மருந்து கம்பெனிகள் ஏன் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்பதற்குத் தனியாக விளக்கம் தேவையில்லை.

தென்கொரியாவின் சியோலில் உள்ள சர்வதேச தடுப்பூசி நிறுவனம் வாய்வழியாகக் கொடுக்கும் மலிவான காலரா மருந்தின் தொழில்நுட்பத்தைச் செம்மைப்படுத்தியது. அதை முதலில் வாங்கித் தயாரித்தது நம் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ். மருந்தின் பெயர் 'சாங்க்கால்'. 2011-ல் உலக சுகாதார நிறுவனத்தின் முன் அனுமதியும் கிடைத்தது. ஆனால், ஒரே ஒரு ஆலையின் உற்பத்தி உலகத்துக்குப் போதவில்லை.

அடுத்து அதே தொழில்நுட்பம் யூபயாலஜிக்ஸ் என்ற கொரிய கம்பெனிக்குப் போனது. 2010-ல் தொடங்கப்பட்ட சின்ன நிறுவனம். ஆலையைத் தயார் செய்து, தரச் சான்று வாங்கி, முதல் டோஸை விற்கும் வரை பல வருஷம் காசு செலவாகுமே தவிர வரவு இருக்காது. எந்த வங்கியும் தயங்கும் கட்டம் அது. அந்த நேரத்தில் சுமார் 50 லட்சம் டாலர் போட்டது 'குளோபல் ஹெல்த் இன்வெஸ்ட்மென்ட் ஃபண்ட்'. 2015 கடைசியில் யூபயாலஜிக்ஸின் 'யூவிகால்' மருந்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அனுமதி கிடைத்தது. கண்ணாடிக் குப்பியை விட்டு பிளாஸ்டிக் டியூப்புக்கு மாறியதும் எடையும் செலவும் குறைந்தன. ஒரு டோஸ் 2 டாலருக்கும் கீழே.

இதன் அருமை 2023 முடிவில்தான் தெரிந்தது. சாந்தாவை 2009-லேயே பிரான்ஸின் சனோஃபி வாங்கியிருந்தது. அந்தப் பெரிய நிறுவனம் காலரா மருந்து உற்பத்தியை நிறுத்திவிட்டது. அதே சமயம் உலகம் முழுக்க காலரா எகிறிக்கொண்டிருந்தது. 14 நாடுகளுக்குச் சேர்த்து, ஆளுக்கு ஒரே டோஸ் என்று கணக்குப் போட்டாலும், 7.2 கோடி டோஸ் தேவைப்பட்டது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2023-ல் உற்பத்தியானது அதில் பாதி, சுமார் 3.6 கோடி டோஸ். 2024 தொடக்கத்தில் உலகின் அவசரக் கையிருப்புக்கு மருந்து கொடுக்க மிஞ்சியது ஒரே ஒரு கம்பெனி. அந்தச் சின்ன கொரிய கம்பெனி.

அன்றைக்கு அந்த 50 லட்சம் டாலர் போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வேறு யாராவது போட்டிருக்கலாம். ஆனால், இம்பாக்ட் முதலீட்டுக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் கையில் எடுக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

சரி, இதில் லாபம் எங்கிருந்து வந்தது?

இங்கேதான் கவனிக்க வேண்டும். யூபயாலஜிக்ஸின் மருந்தைக் காசு கொடுத்து வாங்குவது காலரா பரவிய ஊரின் தாய் அல்ல. அவருக்கு அது இலவசம். பில் கட்டுவது 'காவி' எனப்படும் உலக தடுப்பூசிக் கூட்டணி. கொள்முதல் செய்வது யுனிசெஃப். காவிக்கு அந்தப் பணத்தைப் பெரும்பாலும் தருவது பணக்கார நாடுகளின் அரசுகளும் கேட்ஸ் அறக்கட்டளையும். அதாவது, அதே உதவிப் பணம்!

ஃபண்டில் பணம் போட்டவர்களின் தைரியத்துக்கும் ஒரு பின்னணி உண்டு. 2013-ல் அறிவிக்கப்பட்ட அந்த 10.8 கோடி டாலர் ஃபண்டுக்கு கேட்ஸ் அறக்கட்டளையும் ஸ்வீடன் அரசின் உதவி அமைப்பும் உத்தரவாதம் கொடுத்திருந்தன. நஷ்டம் வந்தால் 60 சதவிகிதம் வரை நாங்கள் ஏற்கிறோம் என்பது ஒப்பந்தம். ஜேபி மார்கன் வங்கி வடிவமைத்த ஃபண்ட் அது. கீழே வலை கட்டிவிட்ட பிறகு கம்பி மேல் நடப்பது மாதிரி.

இதே ஃபண்டின் இன்னொரு முதலீடும் சுவாரஸ்யமானது. ஆப்பிரிக்காவில் ஆற்றோரக் கிராமங்களில் கருப்பு ஈக்கள் மூலம் பரவும் 'ஆற்றுக் குருடு' என்ற நோய் உண்டு. அதற்கான 'மாக்ஸிடெக்டின்' என்ற மருந்து ஏற்கெனவே கால்நடைகளுக்குப் பயன்பட்டுக்கொண்டிருந்தது. அதை மனிதர்களுக்கான மருந்தாக அனுமதி வாங்கும் வேலையை மெல்போர்னைச் சேர்ந்த லாப நோக்கமற்ற நிறுவனம் ஒன்று எடுத்துக்கொண்டது. ஃபண்ட் போட்டது சுமார் 1.3 கோடி டாலர். 2018 ஜூனில் அமெரிக்காவின் எஃப்டிஏ அனுமதித்தது.

இந்த மருந்தை விற்று யாரும் லாபம் பார்க்க முடியாது. பிறகு முதலீட்டாளர்களுக்கு எப்படிப் பணம் திரும்பும்? அமெரிக்க சட்டத்தில் 2007-ல் ஒரு வசதி கொண்டுவந்தார்கள். இப்படிப் புறக்கணிக்கப்பட்ட நோய்க்கு மருந்து கண்டுபிடித்தால் எஃப்டிஏ ஒரு 'முன்னுரிமைச் சீட்டு' கொடுக்கும். அதை வேறு மருந்து கம்பெனிக்கு விற்கலாம். வாங்கிய கம்பெனி தன் புது மருந்துக்கான பரிசீலனையை சில மாதங்கள் முன்கூட்டியே முடித்துக்கொள்ளலாம். சந்தையில் இந்தச் சீட்டின் விலை 10 கோடி டாலரையும் தாண்டியதுண்டு. ஆக, ஆற்றுக் குருடு நோயாளி மாத்திரை விழுங்க, அமெரிக்கச் சந்தைக்கு அவசரமாகப் போக வேண்டிய ஏதோ ஒரு மருந்து கம்பெனி பில் கட்டியது. கொஞ்சம் கோக்குமாக்கான ஏற்பாடுதான். ஆனால் வேலை செய்தது.

சில இடங்களில் காசே கைமாறாமல்கூட காரியம் நடந்திருக்கிறது. தோலுக்கு அடியில் பொருத்தும் கருத்தடை சாதனமான 'ஜாடெல்' ஒன்றின் விலை 18 டாலராக இருந்தது. ஏழை நாடுகள் தயங்கித் தயங்கி கொஞ்சமாக வாங்கின. கொஞ்சமாக வாங்கியதால் விலையும் இறங்கவில்லை. 2013 தொடக்கத்தில் கேட்ஸ் அறக்கட்டளையும் நார்வே, ஸ்வீடன் போன்ற நாடுகளும் சேர்ந்து தயாரிப்பாளரான பேயரிடம் பேசின. 6 ஆண்டுகளில் 2.7 கோடி சாதனம் விற்கும், விற்காவிட்டால் நாங்கள் பொறுப்பு என்றன. விலை 8.50 டாலருக்கு இறங்கியது. போட்டி கம்பெனியும் அதே ஆண்டு தன் சாதனத்தின் விலையைப் பாதியாக்கியது.

இந்த மூன்றிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. நோயாளியின் பர்ஸை யாரும் தொடவில்லை.

நோயாளியே பில் கட்டும்போது...

இனி மறுபக்கம். துபாயைத் தலைமையிடமாகக் கொண்ட 'அப்ராஜ்' என்ற முதலீட்டு நிறுவனம். நிறுவனர் ஆரிஃப் நக்வி, டாவோஸ் மேடைகளில் அடிக்கடி தென்பட்டவர். வளரும் நாடுகளில் முதலீடு செய்தே வறுமையை ஒழிக்கலாம் என்று பேசியவர். ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் நடுத்தர, ஏழை மக்களுக்கு மருத்துவமனைகள் கட்டுவதற்காக 100 கோடி டாலர் ஃபண்ட் ஒன்றை அந்த நிறுவனம் திரட்டியது. கேட்ஸ் அறக்கட்டளை மட்டும் 10 கோடி டாலர் கொடுத்தது. உலக வங்கிக் குழுமத்தின் ஐஎஃப்சி, பிரிட்டன் அரசின் சிடிசி ஆகியவையும் வரிசையில் நின்றன.

2017 செப்டம்பரில் கேட்ஸ் அறக்கட்டளையின் ஊழியர்கள் ஒரு எளிய கேள்வி கேட்டார்கள். 'மருத்துவமனைக்கென்று வாங்கிய பணம் இத்தனை மாதமாகச் செலவாகாமல் கிடக்கிறதே, அது எந்தக் கணக்கில் இருக்கிறது?' பதில் திருப்தியாக வரவில்லை. 2018 பிப்ரவரியில் விஷயம் பத்திரிகைகளில் வெடித்தது. அதே ஆண்டு ஜூனில் அப்ராஜ் திவால் நடவடிக்கைக்குப் போனது. முதலீட்டாளர்களின் பணத்தைத் தன் சொந்தச் செலவுகளுக்குத் திருப்பியதற்காக, முதலீட்டாளர்களை ஏமாற்றியதற்காக என்று துபாயின் நிதிச் சேவை ஆணையம் 2019-ல் அப்ராஜின் இரண்டு நிறுவனங்களுக்கும் சேர்த்து 31 கோடி டாலருக்கும் அதிகமாக அபராதம் விதித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் லண்டனில் நக்வி கைது செய்யப்பட்டார். அமெரிக்கா சுமத்திய குற்றச்சாட்டுகளை அவர் மறுத்து வருகிறார். நிறுவனத்தின் மூத்த நிர்வாகி ஒருவர் நியூயார்க் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

'இது ஒரு கம்பெனியின் மோசடிப் புகார். முறையின் மேல் என்ன தப்பு?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால், மோசடியை ஒதுக்கிவைத்துவிட்டு அந்த ஃபண்ட் வாங்கிய மருத்துவமனைகளுக்கு அப்புறம் என்ன ஆனது என்று பார்த்தால் தெரிவது வேறு கதை.

2019-ல் ஃபண்ட் அமெரிக்காவின் டிபிஜி நிறுவனத்தின் கைக்குப் போய், 'எவர்கேர்' என்று பெயர் மாறியது. நைரோபி, லாகூர், டாக்கா, ஹைதராபாத் என்று மருத்துவமனைகள் பரவியிருந்தன. அதில் ஒன்று கென்யாவின் நைரோபி விமன்ஸ் மருத்துவமனை. 2020 தொடக்கத்தில் அதன் நிர்வாகிகளுடையது என்று சொல்லப்பட்ட வாட்ஸ்அப் உரையாடல்கள் வெளியே கசிந்தன. தினமும் எத்தனை பேரை அட்மிட் செய்ய வேண்டும், வார்டு எவ்வளவு நிரம்பியிருக்க வேண்டும் என்று டார்கெட் வைத்துப் பேசுவதாக இருந்தன அவை. கென்யாவே கொந்தளித்தது. விசாரணை முடியும் வரை தலைமை நிர்வாகி பதவியிலிருந்து ஒதுங்கினார்.

2023 ஜூனில் ஆக்ஸ்ஃபாம் அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. பணக்கார நாடுகளின் வளர்ச்சி வங்கிகள், ஐஎஃப்சி ஆகியவற்றின் பணம் நேரடியாகவோ ஃபண்டுகள் வழியாகவோ போன தனியார் மருத்துவமனைகளைப் பற்றிய அறிக்கை. பில் கட்ட முடியாத நோயாளிகளை வெளியே விடாமல் பிடித்துவைத்தது, இறந்தவரின் உடலைத் தர மறுத்தது என்று அதில் வரிசையாகப் புகார்கள். இந்தியாவின் பெரிய மருத்துவமனைகள் சிலவற்றில் ஏழைகளுக்கு ஒதுக்க வேண்டிய இலவசப் படுக்கைகள் பற்றியும் அது கேள்வி எழுப்பியது. முதலீடு செய்த அமைப்புகள் தரப்பில் சொல்லப்படும் பதில் இது: அரசு மருத்துவமனைகள் போதாத ஊரில் தனியார் வசதி இருப்பதும் மொத்தச் சுகாதாரத்துக்கு நல்லதுதான்.

அந்தப் பதிலிலும் உண்மை இல்லாமல் இல்லை. லாகோஸிலோ டாக்காவிலோ நடுத்தரக் குடும்பத்துக்கு நல்ல இதய சிகிச்சை உள்ளூரிலேயே கிடைப்பது பெரிய விஷயம். ஆனால், ஃபண்டை விற்றபோது சொன்னது அது இல்லையே. ஏழைகளுக்கு என்றுதானே சொன்னார்கள்?

இது எந்தத் தனி மனிதரின் கெட்ட எண்ணத்தாலும் நடக்க வேண்டியதில்லை. இப்படிப்பட்ட ஃபண்ட் வழக்கமாக 10 ஆண்டு ஆயுளோடுதான் வரும். அதற்குள் மருத்துவமனையை வாங்கி, பெரிதாக்கி, நல்ல விலைக்கு விற்க வேண்டும். விற்பனை விலையைத் தீர்மானிப்பது லாபம். லாபம் காப்பீடு உள்ளவரிடமிருந்தும், அறுவை சிகிச்சை, ஸ்கேன் ஆகியவற்றிலிருந்தும் வரும். காய்ச்சலோடு வரும் கூலித் தொழிலாளியிடமிருந்து வராது. கொஞ்சம் கொஞ்சமாக வாசல் எந்தப் பக்கம் திரும்பும் என்பதற்கு எம்பிஏ படித்திருக்க வேண்டியதில்லை. எவர்கேரின் ஹைதராபாத் சொத்தான கேர் மருத்துவமனைக் குழுமத்தை 2023-ல் வாங்கியது பிளாக்ஸ்டோன். அது வழக்கமான பெரும் முதலீட்டு நிறுவனம்.

ராஜஸ்தானில் ஒரு பரிசோதனை

இந்தச் சிக்கலுக்குத் தீர்வாக வந்ததுதான் 'இம்பாக்ட் பாண்ட்'. பெயரில் பாண்ட் இருந்தாலும் சந்தையில் வாங்கி விற்கும் பத்திரம் அல்ல. ஒரு முத்தரப்பு ஒப்பந்தம். ஒருவர் முன்பணம் போடுவார். இன்னொருவர் களத்தில் வேலை செய்வார். சொன்ன இலக்கை எட்டியதாக வெளியாள் ஒருவர் சரிபார்த்த பிறகு, மூன்றாமவர் முன்பணத்தை லாபத்தோடு திருப்பித் தருவார். இலக்கை எட்டாவிட்டால் முதலீட்டாளருக்கு நஷ்டம்.

2018-ல் ராஜஸ்தானில் தொடங்கிய 'உத்கிருஷ்ட்' அப்படி ஒன்று. சின்ன ஊர்களின் தனியார் பிரசவ மருத்துவமனைகளின் தரத்தை உயர்த்துவது வேலை. முன்பணம் யுபிஎஸ் ஆப்டிமஸ் அறக்கட்டளை. களத்தில் பிஎஸ்ஐ, ஹிந்துஸ்தான் லேடெக்ஸ் குடும்பநல அறக்கட்டளை. பில் கட்ட ஒப்புக்கொண்டவை யுஎஸ்எய்டும், மெர்க் நிறுவனத்தின் தாய்மார் நலத் திட்டமும். 440 மருத்துவமனைகள் வரை தரச் சான்று, அதன் மூலம் 10,000 தாய்-சேய் உயிர்கள் வரை காப்பாற்றலாம் என்பது இலக்கு.

இங்கே ஒரு நுணுக்கம். பணம் கைமாறியது காப்பாற்றிய உயிருக்கு அல்ல, வாங்கிய சான்றிதழுக்கு. 10,000 என்பது கணித மாதிரி வைத்துப் போட்ட மதிப்பீடு. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தத் தெரிந்த நர்ஸ், கைகழுவத் தண்ணீர், தேவையான ஊசி மருந்து எல்லாம் இருக்கிறதா என்றுதான் சான்றிதழ் பார்க்கும். இவை இருந்தால் உயிரிழப்பு குறையும் என்பது நியாயமான எதிர்பார்ப்புதான். ஆனாலும், 'அளந்து காட்டுகிறோம்' என்று முதலீட்டாளர் சொல்லும்போது, அளந்தது எது என்று ஒரு முறை திரும்பக் கேட்பது நல்லது.

இன்னொன்றும் கவனிக்கலாம். பில் கட்ட ஒப்புக்கொண்ட இருவரில் ஒருவரான யுஎஸ்எய்ட் இன்று இல்லை. இதே போன்ற அடுத்த பாண்டுக்கு அந்த நாற்காலி காலி.

மதுரை சொல்லும் விதிவிலக்கு

'ஏழை நோயாளியை வைத்துக்கொண்டு யாருமே சொந்தக் காலில் நின்றதில்லையா?' என்றால், நின்றிருக்கிறார்கள். உலகம் முழுக்க பிசினஸ் ஸ்கூல் வகுப்புகளில் சொல்லப்படும் உதாரணம் மதுரையில்தான் இருக்கிறது. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை. காசு கொடுக்க முடிந்தவர் கொடுக்க, முடியாதவருக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ அதே அறுவை சிகிச்சை. 1992-ல் 'ஆரோலேப்' தொடங்கி கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை இங்கேயே தயாரித்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தபோது 100 டாலர் அளவில் இருந்த லென்ஸ் 10 டாலர் அளவுக்கு இறங்கியது. பிறகு இன்னும் கீழே.

ஆனால், இம்பாக்ட் முதலீட்டு மேடைகளில் அரவிந்தைக் கொண்டாடும்போது ஒரு விஷயம் நைசாக விடுபட்டுவிடும். அதை நடத்துவது அறக்கட்டளை. ஆரோலேப்பும் அறக்கட்டளைதான். 10 வருஷத்தில் விற்றுவிட்டு வெளியேற வேண்டிய பங்குதாரர் அங்கே இல்லை. மிஞ்சும் பணம் அடுத்த மருத்துவமனைக்குப் போகிறது. தவிர, கண்புரை ஒரே நாளில் முடியும், ஒரே மாதிரியான, ஆயிரக்கணக்கில் செய்யக்கூடிய அறுவை சிகிச்சை. காசநோய் அப்படி இல்லை. மாதக்கணக்கில் மருந்தும் கண்காணிப்பும் வேண்டும். மனநலம் அப்படி இல்லவே இல்லை.

மதுரை மாடலை வெளியே எடுத்துப்போக முதலீட்டுப் பணம் உதவியிருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கேமரூன் தலைநகர் யாவுண்டேவில் அரவிந்தைப் பார்த்து அமைத்த ஒரு கண் மருத்துவமனைக்காக 2018-ல் 'கண்புரை பாண்ட்' ஒன்று போடப்பட்டது. 5 ஆண்டுகளில் 18,000 வரை அறுவை சிகிச்சைகள் என்பது திட்டம். கடன் சுமார் 20 லட்சம் டாலர். அதன் பின்னால் பில் கட்ட நின்றவை ஹில்டன் அறக்கட்டளை, ஃப்ரெட் ஹாலோஸ் அறக்கட்டளை, சைட்சேவர்ஸ். மூன்றுமே தர்ம ஸ்தாபனங்கள்.

உங்கள் 1,000 ரூபாய்க்கு இதில் இடம் உண்டா?

பெரும்பாலான இம்பாக்ட் ஃபண்டுகள் இந்தியாவில் 'மாற்று முதலீட்டு நிதி' என்ற வகையில் வருகின்றன. பொதுவாக அதில் குறைந்தபட்ச முதலீடே 1 கோடி ரூபாய். இஎம்ஐ கட்டும் கூட்டம் அந்தப் பக்கம் போக முடியாது. சாதாரண ஆளுக்குத் திறந்திருக்கும் கதவு, பங்குச்சந்தைகளின் ஒரு பிரிவாக செபி கொண்டுவந்த சமூகப் பங்குச்சந்தை. அங்கே தொண்டு நிறுவனங்கள் ஒரு வகைப் பத்திரம் வெளியிடலாம். 2025-ல் அதற்கான குறைந்தபட்சத் தொகையை செபி 10,000 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாகக் குறைத்தது.

ஆனால், பத்திரத்தின் பெயரைக் கவனியுங்கள். 'ஜீரோ கூப்பன், ஜீரோ பிரின்சிபல்'. வட்டியும் கிடையாது, அசலும் திரும்பாது. கிடைப்பது, பணம் எப்படிச் செலவானது என்ற தணிக்கை செய்யப்பட்ட அறிக்கை. சுருக்கமாகச் சொன்னால், ரசீது கொஞ்சம் கறாராக இருக்கும் நன்கொடை. அது மோசமில்லை. முதலீடு என்று நினைத்துப் போடாமல் இருந்தால் சரி.

இப்போது என்ன பிரச்னை?

கடனோ முதலீடோ, பெயர் என்னவாக இருந்தாலும் அது ஒரு நாள் திரும்பிப் போக வேண்டிய பணம். உதவி என்பது திரும்பிப் போகாத பணம். ஆலை கட்டவும், ரிஸ்க் எடுக்கவும், வேகமாக வேலையை முடிக்கவும் முதல் வகைப் பணம் கெட்டிக்காரத்தனமாக உதவும். காலரா கதை அதற்குச் சாட்சி. ஆனால், கடைசியில் மருந்தை வாங்கி இலவசமாகக் கொடுக்க இரண்டாவது வகைப் பணம் இல்லையென்றால், முதலாவது வராது. வந்தாலும் காசுள்ள நோயாளியைத் தேடிப் போகும்.

அதனால் 'உதவி குறைந்த இடத்தை இம்பாக்ட் முதலீடு நிரப்பும்' என்ற வாதம் தலைகீழாக நிற்கிறது. உலகச் சுகாதாரத்தில் இப்போது பஞ்சம் கடன் கொடுப்பவருக்கு இல்லை. 1.57 லட்சம் கோடி டாலர் இந்த வழியில் நிர்வகிக்கப்படுகிறது. பில் கட்டுபவருக்குத்தான் பஞ்சம்.

காலரா மருந்தை வாங்கும் காவியே இதற்கு நேரடி உதாரணம். 2026 முதல் 2030 வரையிலான 5 ஆண்டுகளுக்கு அது கேட்டது 1,190 கோடி டாலர். 2025 ஜூனில் பிரஸ்ஸல்ஸில் நடந்த நிதி திரட்டும் மாநாட்டில் சேர்ந்தது 900 கோடி டாலருக்குச் சற்று மேல். அதே மாநாட்டுக்கு வீடியோவில் பேசிய அமெரிக்க சுகாதார அமைச்சர் ராபர்ட் கென்னடி ஜூனியர், தன் நாடு இனி காவிக்குப் பணம் தராது என்று சொன்னார்.

இடையில் ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் 2024 ஆகஸ்டில் 'ஹில்கால்' என்ற புது காலரா மருந்தை அறிமுகம் செய்தது. யூபயாலஜிக்ஸ் தன் உற்பத்தியைக் கூட்டிக்கொண்டிருக்கிறது. ஆலைகள் இருக்கின்றன, மருந்து இருக்கிறது, காலராவும் இருக்கிறது. அடுத்த 5 ஆண்டுகளில் காவி எத்தனை கோடி டோஸுக்கு ஆர்டர் கொடுக்கும் என்பதுதான் இந்த இரண்டு கம்பெனிகளும் காத்திருக்கும் எண்.